ஃபிளாட்டில் சல்கட்டா ஆமை: கண்ணாடித் தொட்டியா, மரப்பெட்டியா?

கோட்டாறு_மாடிவீடு (கேள்வி)

வணக்கம். நாகர்கோவிலில் இரண்டாவது மாடியில் வாடகை ஃபிளாட். சல்கட்டா ஆமை (ஆப்பிரிக்கத் தரை ஆமை) ஒன்று இருக்கிறது. ஓட்டின் நீளம் 11 செ.மீ., அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாகிவிட்டது. இப்போதைக்கு 2 அடிக்கு 1 அடி மீன் தொட்டியில் செய்தித்தாள் விரித்து விட்டிருக்கிறோம். பகல் முழுக்க ஒரே பக்கக் கண்ணாடியைப் பிறாண்டுகிறது. பெரிய தொட்டியாக வாங்கலாமா, மரத்தில் அடிக்கலாமா? அடியில் என்ன போடுவது? மேற்குப் பார்த்த பால்கனி இருக்கிறது (8 அடிக்கு 4 அடி), வெயில் நன்றாக விழும். அப்படியிருக்க யூவி விளக்கும் வேண்டுமா? சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார்.

தக்கலை_தச்சன்

கண்ணாடி வேண்டாம். எதிரே வெளி தெரியும்போது நடுவில் தடுப்பு இருப்பது ஆமைக்குப் புரியாது. போய்ப் போய் முட்டும். அந்தப் பிறாண்டலுக்கு அதுதான் காரணம், கூடவே இட நெருக்கடியும்.

உள்ளளவு 4 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இந்த வயசுக்கு இது குறைந்தபட்சம். 12 மி.மீ. பிளைவுட், தண்ணீர் தாங்கும் பி.டபிள்யூ.பி. ரகம், 8க்கு 4 பலகை ஒன்று போதும். அடிப்பலகை 4க்கு 2, நீளச் சுவர் இரண்டும் 4க்கு ஒன்றரை, குட்டைச் சுவர் இரண்டும் 2க்கு ஒன்றரை. மிச்சத்தில் 4க்கு 1 துண்டு கிடைக்கும். அதை இரண்டாக அறுத்துச் சேர்த்தால் ஒரு பாதிக்கு மூடியும் ஆயிற்று. நம்ம ஊரில் ரப்பர் மரப்பலகை மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் மருந்து ஏற்றாததை வாங்கினால் வண்டு துளைத்துவிடும், ஈரம் பட்டால் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும்.

அடியிலும் சுவரில் முக்கால் அடி உயரம் வரையும் தண்ணீர் அடிப்படையிலான பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று கோட் அடிங்க. உள்மூலைகளில் மீன் தொட்டிக்குப் போடும் சிலிக்கோன். குளியலறை சிலிக்கோனில் பூஞ்சைக்கொல்லி இருக்கும், அது ஆகாது. ஒரு வாரம் காற்றாட விட்டு, வாசனை சுத்தமாகப் போன பிறகுதான் மண் போடணும். அடியில் சக்கரம் கட்டாயம். நனைந்த மண்ணோடு பெட்டி 60, 70 கிலோ வரும், பெருக்கித் துடைக்க நகர்த்தியாகணும். தரையோடு ஒட்டி வைத்தால் துடைக்கிற தண்ணீர் ஏறி அடிப்பலகை உப்பும், சிதலும் வரும்.

ஆணிப் பிரச்சினைக்கு: குட்டைச் சுவர்களின் நடுவில் இரண்டு நிலைக்கட்டை திருகி, குறுக்கே ஒரு சட்டம் போடுங்க. விளக்கெல்லாம் அந்தச் சட்டத்தில் சங்கிலியில் தொங்கும்.

ஈத்தாமொழி_தும்பு

அடிமண்: தேங்காய் நார்த்தூள் ஆறு பங்கு, உரமோ பூச்சிமருந்தோ படாத தோட்டத்து மண் நாலு பங்கு. கனம் 10 செ.மீ. இருந்தால்தான் தோண்டிப் படுக்கும். உங்கள் பெட்டிக்கு மொத்தம் 75 லிட்டர் பிடிக்கும். ஐந்து கிலோ நார்த்தூள் கட்டி ஒன்றை ஊறவைத்தால் தேவைக்கு மேலேயே கிடைக்கும். தும்பாலையிலிருந்து (நார் ஆலை) நேராக எடுத்தால் இன்னும் மலிவு. ஆனால் உப்பும் கறையும் இருக்கும், பழுப்புத் தண்ணீர் வெளுக்கிற வரை மூன்று நாலு முறை அலசிப் பிழியணும்.

கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். தீனியோடு உள்ளே போய்க் குடலில் தங்கும். உப்பு வேறு. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணலில் கதிரியக்கமுள்ள மோனசைட் தாதுவும் கலந்திருக்கிறது, அழகுக்குக்கூட அள்ளி வராதீங்க.

தண்ணீரை மேலே தெளிக்காமல் நாலு மூலையிலும் ஊற்றுங்க. அடி ஈரமாக, மேல் அரை அங்குலம் காய்ந்து இருக்கணும். ஒரு பிடி எடுத்து அமுக்கினால் உருண்டை நிற்கணும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. கசிந்தால் வயிற்றுப்பக்க ஓடு அழுக ஆரம்பிக்கும். செய்தித்தாளில் வளர்ந்தால் அதற்கு நேர்மாறு: குட்டி வயதில் காய்ந்த இடத்தில் வளரும் சல்கட்டாவுக்கு ஓட்டுக் கட்டங்கள் கூம்பு கூம்பாக எழும்பிவிடும். எழும்பியது திரும்ப இறங்காது.

மறைவிடத்துக்கு உடைந்த மண்பானையில் பாதி போதும், விளிம்பை உரசி மழுக்கிவிடுங்க. உள்ளே மட்டும் கொஞ்சம் கூடுதல் ஈரம். குடிக்கப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற மண்தட்டு, மண் மட்டத்துக்குப் புதைத்து.

கோட்டாறு_மாடிவீடு

நன்றி. ஒரு சந்தேகம். குட்டிக்கு மேல்பக்கமும் முழுக்க மூடிய பெட்டிதான் சரி, ஈரப்பதம் 80 சதவீதம் வேண்டும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிறார்கள். பாதி மூடி போதுமா?

நாஞ்சில்_ஓடு

அவர்கள் சொல்வது குளிர்நாட்டு வீட்டுக்கு. அங்கே ஹீட்டர் ஓடி அறைக்காற்று வறண்டுபோகும், அதனால் பெட்டியை அடைக்கிறார்கள். நமக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, காற்றிலேயே ஈரம் உண்டு. இங்கே முழுக்க அடைத்தால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் ஒரே வாரத்தில் சுவரில் பூஞ்சை. மறைவிடம் இருக்கும் பக்கம் மூடி, விளக்கு இருக்கும் பக்கம் திறப்பு, அதுவே சரி. ஏசி போடும் அறையில் மட்டும் வைக்காதீர்கள்.

சூடும் ஈரமும் சேர்ந்திருந்தால் ஆமைக்கு நல்லது. குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் மூக்கொழுகலும் நெஞ்சுச் சளியும். எனவே அளக்க வேண்டியது: விளக்குக்கு நேர் கீழே 35 முதல் 38 டிகிரி, எதிர் முனையில் 26 முதல் 28. வெப்பநிலை மீட்டரைச் சுவர் உச்சியில் ஒட்டாமல் ஆமையின் முதுகு உயரத்தில் வையுங்கள். நாகர்கோவிலில் இரவு 20க்குக் கீழே இறங்குவது அபூர்வம், ஆனாலும் தொடர்மழை நாளில் மண் 24க்குக் கீழே போனால் 60 வாட் செராமிக் ஹீட்டர், தெர்மோஸ்டாட்டோடு. சிவப்பு, நீல இரவு பல்பு எதுவும் தேவையில்லை, ராத்திரி இருட்டாக இருக்கட்டும்.

வெயில் காய 50 வாட் ஹாலோஜன், பீங்கான் ஹோல்டரில். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். அதன் அடியில் ஒரு தட்டைக்கல்.

யூவி கட்டாயம் வேண்டும். உங்கள் பால்கனிக்கு மதியத்துக்கு மேல்தான் வெயில். ஒன்றரை மணிக்கு யூவி உண்டு, ஆனால் டைல்ஸில் கால் வைக்க முடியாது. நாலரைக்கு வெயில் உறைக்கும், யூவிபி (யூவியில் ஆமையின் ஓட்டுக்கும் எலும்புக்கும் வேண்டிய பகுதி) மளமளவென்று குறைந்திருக்கும். மழை மாதங்களில் அதுவும் இல்லை. ஜன்னல் கண்ணாடி வழியாக வருவதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. 24 வாட் டி5 (மெல்லிய) யூவி குழல், யூவிபி 10 அல்லது 12 சதவீதம், ரிஃப்ளெக்டரோடு, ஓட்டிலிருந்து 40 செ.மீ. உயரத்தில், பகலில் 12 மணி நேரம். நடுவில் வலை வைத்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். குழல் எரிந்துகொண்டிருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், வெளிச்சம் இருக்கும், யூவிபி இருக்காது. கடைகளில் தரும் சுருள் பல்பு ஒரு கையகல இடத்துக்குத்தான் எட்டும்.

பால்கனிக்கு விடும்போது: 4க்கு 3 அடிச் சட்டம், அடியில் மண் தட்டு, பாதிக்குப் பச்சை வலை நிழல், மேலே அரை அங்குல வெல்ட் மெஷ். காக்காயும் பருந்தும் கொத்தும், ராத்திரி விட்டால் பெருச்சாளி காலைக் கடிக்கும். கம்பி இடைவெளியை அடிப்பலகை வைத்து அடையுங்கள், ஆமை ஏறும். மணி பிளாண்ட், அரளித் தொட்டிகளை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வாங்குகிற வீடென்றால் அந்த மாதங்களில் வெளியே வேண்டாம். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைப்பது மட்டும் எந்த மாதமும் கூடாது. பத்து நிமிடத்தில் உள்ளே வெந்துவிடும்.

குழித்துறை_ஆற்றங்கரை

பெட்டி பற்றி எல்லாரும் சொல்லியாச்சு, நான் காகிதத்தைப் பற்றி. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் என்பார்கள். நட்சத்திர ஆமை புகுந்தால் ரெண்டும் ஒன்றாக வரும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு அது முதல் அட்டவணையில் இருக்கிறது. குளத்து ஆமையும் காட்டுத் திருவிதாங்கூர் ஆமையும் வீட்டில் வைக்கக் கூடாதவைதான். சல்கட்டாவுக்கு 2024 விதிப்படி பதிவு. கை மாறினாலும் குட்டி பொரித்தாலும் செத்தாலும் தளத்தில் தெரிவிக்கணும். பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கோங்க.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை. இது ஃபிளாட் ஆமை இல்லை. ஐந்தாறு வருடத்தில் ஓடு 30 செ.மீ. தாண்டும், முழு வளர்ச்சியில் கடா 40 கிலோவுக்கு மேல், கதவை முட்டித் திறக்கும், மண்ணில் பல அடி ஆழத்துக்குப் பொந்து வெட்டும். ஊரில் சொந்தத் தோப்போ தோட்டமோ உள்ள ஆளை இப்பவே பேசி வையுங்க. ஓடு 25 செ.மீ. ஆகும்போது 8க்கு 4 பெட்டிகூடப் பத்தாது. பேச்சிப்பாறைப் பக்கம் காட்டில் விடுகிற யோசனை மட்டும் வேண்டாம், அது குற்றம், காட்டு ஆமைக்கு நோயும் பரவும்.

தக்கலை_தச்சன்

விட்டுப்போனது ஒன்று: இந்தப் பெட்டிக்கான பிளக் பாயிண்டை 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள சர்க்யூட்டிலேயே எடுங்க. ஈரமண்ணுக்கு மேலே விளக்கு தொங்குது. வயரைப் பெட்டிக்குள் போகுமுன் ஒரு வளைவு தாழ்த்தி விட்டால் தண்ணீர் வழிந்து பிளக்குக்குப் போகாது.