சொல் வேண்டும்: ஆளில்லாமல் போன ஊர்

அன்புள்ள குழுவினருக்கு,

வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். 1348-இல் டார்செட் கடற்கரையில் இறங்கிய கொள்ளைநோய் (பிளேக்), இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிக்கொண்டு போனது. பிற்பாடு ஆளற்றுப் போய், இன்று புல்வெளியில் தெருத்தடமும் வீட்டுத்திட்டும் மட்டும் தெரிகிற ஊர்களைத் தமிழில் என்னவென்று சொல்வது? 'கைவிடப்பட்ட இடைக்காலக் கிராமம்' என்று எழுதினேன். படத்துக்கு அடியில் இடம் போதவில்லை.

> கைவிடப்பட்ட

அம்மா, ஊர் என்ன குழந்தையா, கைவிட? 'பாழூர்' இருக்கிறதே! புறநானூறு 132-இல் முடமோசியார் 'பாழூர்க் கிணற்றின் தூர்க என் செவியே' என்கிறார். இறைக்க ஆளில்லாத கிணறுதான் தூரும். தொல்லியலுக்கு இதைவிட வரையறை வேண்டுமா? பழுவூரும் பாழூரின் திரிபே என்பது என் துணிபு.

> பழுவூரும் பாழூரின் திரிபே

இல்லை ஐயா. பழு என்றால் ஆலமரம். கீழப்பழுவூர் இறைவன் பெயரே ஆலந்துறையார். இந்தக் குழுவில் மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்.

'பாழ்' என்றால் மாணவன் நோயால் அழிந்த ஊர் என்றே படிப்பான். யார்க்‌ஷயரின் வாரம் பெர்சியைப் பாருங்கள் (கிழமைக் கணக்கு அல்ல, ஊர்ப்பெயர்). வரலாற்றாளர் பெரெஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஹர்ஸ்டும் 1950 முதல் நாற்பது ஆண்டு, கோடைதோறும் தோண்டிய ஊர். கூரையில்லாத மார்ட்டின் தேவாலயம் இன்னும் நிற்கிறது. கொள்ளைநோய்க்குப் பின்னும் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு அங்கே அடுப்பெரிந்தது. 1500 வாக்கில் கடைசிக் குடும்பங்களை நிலக்கிழார் வெளியேற்றினார், ஆடு மேய்க்க. நோய் ஆளைக் குறைத்தது. ஊரைக் காலி செய்தது கம்பளி. 'குடியொழிந்த ஊர்' என்றால் காரணம் எதையும் தூக்கிக்கொண்டு வராது.

> குடியொழிந்த ஊர்

இன்று ஒன்பதாம் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "மதுவிலக்கு உள்ள ஊரா, ஐயா?" என்று கேட்டான் ஒருவன். வகுப்பு முடியும்வரை சிரிப்பு அடங்கவில்லை. பாழூர் என்றதும் புரிந்துகொண்டார்கள்.

சிரித்தாயிற்றா? இனி ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் டில்கார்ஸ்லிக்கு வாருங்கள். 1350 முதல் அங்கே ஒருவரும் குடியிருக்கவில்லை, வரி தண்ட வழியில்லை என்று 1359-இல் தண்டலாளர்கள் எழுதிவைத்தார்கள். அது பாழூர் இல்லையென்றால் எது பாழூர்? கொள்ளைநோயின் 'கொள்ளை'யைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

ஐயா, அந்த மடல் திங்களுக்குப் பிறகு வரட்டும்! நான்கு பேர் பாழூருக்கு. மற்றவர்கள் களைத்துப்போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். டில்கார்ஸ்லிக்கு வெறும் 'பாழூர்'. வாரம் பெர்சி படத்துக்கு 'மேய்ச்சலுக்காகக் காலிசெய்த பாழூர்'. அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

பதிவுக்காக மட்டும்: என் வாக்கு இன்னும் 'குடியொழிந்த ஊர்'. பழு ஆலமரம்தான்.