சுட்ட கோழியும் கருவேலம் புகையும்

சாலையோரக் கடைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசும் இந்த இழையில் கொத்துப் பரோட்டா, அயிரை மீன் குழம்பு, மட்டன் சுக்கா எல்லாம் வந்துவிட்டன. என் பங்குக்கு மெக்சிகோவில் சாலையோரம் சாப்பிட்ட ஒரு சுட்ட கோழியைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018இல் எனக்குக் குவாதலஹாராவில் வேலை. போன முதல் வாரமே கூட இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்: தெருக்கடையில் சாப்பிடாதே, குழாய்த் தண்ணீர் குடிக்காதே. சில மாதம் கேன்டீனை விட்டால் அறை, அறையை விட்டால் கேன்டீன் என்றே ஓடியது. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, கூட வேலை பார்க்கும் மெக்சிகோ நண்பர் மசாத்லான் கடற்கரைக்குப் போகலாம் என்று கூப்பிட்டார். ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சுங்கம் கட்டிப் போகிற பெரிய சாலை ஒன்று உண்டு. சுங்கம் இல்லாமல் ஊர்களுக்குள் புகுந்து போகிற பழைய சாலையை அங்கே ‘லிப்ரே’ என்பார்கள். தெப்பிக் நகரம் தாண்டியதும் நண்பர் லிப்ரேயில் இறக்கிவிட்டார். சினலோவா மாநிலத்துக்குள் நுழைந்து எஸ்குயினாப்பா என்ற ஊரைக் கடந்தபோது பின்சக்கரம் பஞ்சர். இரண்டு பக்கமும் மாந்தோப்பு, உச்சி வெயில்.

மெல்ல ஓட்டிக்கொண்டு போனால் அரை கிலோமீட்டரில் பஞ்சர் கடை. அதற்கு அங்கே ‘வுல்கனிசதோரா’ என்று பெயர். நம்மூர்ப் பலகைகளில் ‘வல்கனைசிங்’ என்று எழுதியிருக்குமே, அதே சொல்தான். கடையை ஒட்டி நான்கு மரக்கம்பு நட்டு மேலே தகரம் போட்ட ஒரு கொட்டகை. மூன்று பிளாஸ்டிக் மேசை. மஞ்சள் பெயின்ட் அடித்த தகரத்தில் ‘போயோஸ் அசாதோஸ்’, அதாவது சுட்ட கோழிகள், என்று கையால் எழுதிப் பழைய டயரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

வண்டியை விட்டு இறங்கியதும் புகை மூக்கில் ஏறியது. அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு அந்த வாசனை தெரியும்.

எங்கள் ஊர் முதுகுளத்தூர் பக்கம். தாத்தா வாழ்நாள் முழுக்கக் கரிமூட்டம் போட்டவர். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண் பூசி மூடித் தீ வைத்தால் நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனியும். முதலில் வெள்ளைப் புகை தள்ளும். அது மெலிந்து நீலம் தட்டினால் கரி பழுத்துவிட்டது என்று அர்த்தம். நடுராத்திரியிலும் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பார். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்துவிட்டால் மொத்த உழைப்பும் சாம்பல்தான். அவருடைய துண்டிலும் வேட்டியிலும் தலைமுடியிலும் இருந்த வாசனை, பூமிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கோழிக்கடை அடுப்பிலிருந்து வந்தது.

அடுப்பு என்றால் காலி எண்ணெய் டிரம்மை நெடுக்காகப் பிளந்து கால் வைத்தது. உள்ளே கரி, ஓரத்தில் இரண்டு மூன்று விறகும் சொருகியிருந்தார்கள். என்ன மரம் என்று நண்பரை விட்டுக் கேட்கச் சொன்னேன். அடுப்பில் நின்றவர் ‘மெஸ்கித்தே’ என்றார். அந்தப் பெயர் அப்போது எனக்குத் தெரியாது. பிறகு தேடிப் படித்தேன். மெஸ்கித்தே என்பது அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலங்களில் வளரும் முள்மரக் கூட்டத்துக்குப் பொதுப் பெயர். நம்முடைய சீமைக்கருவேலமும் அந்தக் கூட்டத்தில் ஒன்று, 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பங்காளிகள் என்றே சொல்லலாம்.

அடுப்புக்குப் பக்கத்தில் கரி மூட்டை பிரிந்து கிடந்தது. ஒரு துண்டை எடுத்து இன்னொன்றில் தட்டினேன். தாத்தா அப்படித்தான் பார்ப்பார். நன்றாக வெந்த கரி கண்ணாடி மாதிரி கிண்ணென்று ஓசை கொடுக்கும். வேகாதது கட்டை மாதிரி மந்தமாக இருக்கும். இது கிண்ணென்றது. தோர்த்தியா என்ற சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “ஹோவென், உனக்கு எப்படித் தெரியும்?” என்றார். ஹோவென் என்றால் இளைஞன். நம் ‘தம்பி’ மாதிரி அங்கே எல்லாக் கடையிலும் கூப்பிடுவார்கள். எங்கள் தாத்தாவும் இந்த வேலைதான் செய்கிறார், இதே சாதி மரம்தான் என்று நண்பர் மொழிபெயர்த்தார். அவ்வளவுதான். அந்த அம்மா கணவரைக் கூப்பிட்டுச் சொன்னார், கணவர் பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். மெஸ்கித்தே நெற்று இனிக்கும், சின்ன வயதில் பறித்து மென்றிருக்கிறோம் என்றார் பஞ்சர் கடைக்காரர். எங்கள் ஊரில் ஆடுகள் அதற்காகவே மரத்தடியில் காத்துக் கிடக்கும் என்றேன். சக்கரத்தை எல்லாரும் மறந்துவிட்டோம்.

இனி கோழி. முழுக்கோழியை முதுகில் கீறிப் புத்தகம் மாதிரி விரித்துவிடுகிறார்கள். ஆரஞ்சுச் சாறு, எலுமிச்சை, பூண்டு, ஒரேகானோ, உப்பு. இரவே ஊறவைத்தது என்று அந்த அம்மா சொன்னார். நம் மசாலாவில் பாதி கூடக் கிடையாது. ருசி முழுக்கத் தீயைக் கையாள்வதில் இருக்கிறது. எலும்புப் பக்கம் கீழே இருக்கும்படி முதலில் போட்டு நெடுநேரம் விட்டுவிடுகிறார். எலும்பு சூட்டை வாங்கி உள்ளே அனுப்புகிறது, சதை கருகுவதில்லை. தோல் பக்கம் கடைசியில்தான். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீரைக் கையால் விசிறி அடக்குகிறார். கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். அந்த மனிதர் அடுப்பை விட்டு நகரவே இல்லை, செல்போனைக் கூடத் தொடவில்லை. நடுராத்திரி மூட்டத்தைப் பார்க்கப் போகிற தாத்தாவின் நிதானம் அவரிடம் இருந்தது.

வெந்ததும் ஒரு மரக்கட்டையில் வைத்துக் கத்தியால் டக் டக்கென்று பத்துப் பன்னிரண்டு துண்டு. நம்மூர்க் கறிக்கடைப் புளியமரக் கட்டை மாதிரியே நடுவில் குழி விழுந்த கட்டை. தட்டு கிடையாது, காகிதம் விரித்த பிளாஸ்டிக் கூடை. கூடவே சுட்ட வெங்காயம், நறுக்கிய முட்டைக்கோஸ், எலுமிச்சை, துணியில் பொதிந்த சோளத் தோர்த்தியா. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்து அரைத்த மாவில் தட்டியது. அந்தச் சுண்ணாம்பு வாசம்தான் தோர்த்தியாவின் உயிர். கடையில் பாக்கெட்டில் வாங்குவதில் அது பெயருக்குத்தான் இருக்கும். மேசை மேல் ஒரு சின்னக் கிண்ணத்தில் சில்தெபீன் என்ற மிளகாய், மணத்தக்காளி வற்றல் அளவு உருண்டை. இரண்டை நசுக்கிப் போட்டாலே கண்ணில் நீர். ஆனால் ஒரு நிமிடத்தில் காரம் இறங்கிவிடுகிறது.

கையால்தான் சாப்பிட்டோம். தோர்த்தியாவைக் கிழித்து, சதையைப் பிய்த்து வைத்து, எலுமிச்சை பிழிந்து வாய்க்குக் கொண்டுபோனேன். தோல் மொறுமொறு, உள்ளே சாறு, அதற்குப் பின்னால் அந்தப் புகை. தொடை எலும்பைக் கடித்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. காரத்தால் இல்லை. பக்கத்து மேசையில் சாப்பிட்டு எழுந்த லாரி டிரைவர் எங்களைப் பார்த்து “ப்ரொவேச்சோ” என்று சொல்லிவிட்டுப் போனார். முன்பின் தெரியாதவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தாலும் ‘நன்றாகச் சாப்பிடுங்கள்’ என்று வாழ்த்துகிற பழக்கம் அது. எனக்கு மிகவும் பிடித்தது.

முழுக்கோழி 130 பேசோ. கிளம்பும்போது அந்த அம்மா ஒரு கரித்துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். “உன் தாத்தாவுக்கு” என்றார்.

* * *

தம்பி, படித்துக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் அழுதுவிட்டேன்.

நாங்கள் மெக்சிகோவின் யுகத்தான் மாநிலத்தில், மெரிடா நகரில் இரண்டு வருடம் இருந்தோம். அந்தப் பக்கத்துக் கோழி வேறு ரகம். அச்சியோத்தே என்ற விதையை அரைத்த சிவப்பு விழுதைப் பூசுவார்கள். நிறம்தான் சிவப்பு, காரம் துளியும் இல்லை. அதைக் கரைப்பது நரான்ஹா அக்ரியா என்ற கசப்பு ஆரஞ்சுச் சாற்றில். என் அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தபோது சந்தையில் அந்தப் பழத்தை நகத்தால் கீறி முகர்ந்துவிட்டு, “அடி, நார்த்தங்காய் வாசம்டி இது” என்றார். அன்றைக்கே இரண்டு கிலோ வாங்கி உப்பில் ஊறப்போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் தெருமுனையில் ஒரு குடும்பம் வீட்டு வாசலிலேயே கோழி சுடும். வரிசையில் நின்று வாங்க வேண்டும். அதோடு ஊதா வெங்காயத்தை அதே கசப்பு ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்துத் தருவார்கள். சால்சா என்ற சட்னி ஹபனெரோ மிளகாயில். ஆந்திரா காரம் சாப்பிடுகிறவர்கள் கூட ஒரு சொட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அம்மா கோழி சாப்பிட மாட்டார். அவருக்கும் அங்கே சாப்பாடு கிடைத்தது: தோர்த்தியா, கறுப்பு பீன்ஸ், அந்த வெங்காயம். ஆனால் சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மசித்து வதக்கிய பீன்ஸில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். “சின் மந்தேக்கா” என்று சொன்னால் கொழுப்பு இல்லாததைத் தருவார்கள். அந்தக் குடும்பத்துப் பாட்டி இரண்டாவது வாரத்திலிருந்து அம்மாவுக்கென்று தனியாக ஒரு சின்னப் பானையில் பீன்ஸ் வேகவைத்து எடுத்து வைத்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கூடத் தெரியாது. அம்மா திரும்பி வந்து இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பாட்டியை விசாரிக்கிறார்.

* * *

சகோ, நான் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறேன். நீங்கள் சொன்ன சினலோவாவிலிருந்துதான் ‘எல் போயோ லோக்கோ’ என்ற சுட்ட கோழிக் கடையும் வந்தது, தெரியுமா? 1970களின் நடுவில் குவாசாவே என்ற ஊரில் ஹுவான் பிரான்சிஸ்கோ ஓச்சோவா சாலையோரக் கடையாகத் தொடங்கியது. 1980இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆல்வரடோ தெருவில் முதல் கடை. இன்றைக்கு இங்கே பெரிய சங்கிலிக் கடை. மெக்சிகோவில் பல ஊர்களில் ‘சினலோவா பாணி’ என்று பலகை மாட்டிய கோழிக்கடைகளைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் கைப்பக்குவத்துக்கு அவ்வளவு மதிப்பு.

சங்கிலிக் கடையில் நானும் சாப்பிடுகிறேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டயர் கடை வாசலில் அடுப்பு மூட்டுகிற குடும்பத்திடம் வாங்குவது தனி. டயர் கடை மூடிய பிறகுதான் அவர்கள் கடை திறக்கும். புகையைப் பார்த்தே தெருவில் சொல்லிவிடலாம், இன்றைக்கு வந்திருக்கிறார்கள் என்று.

* * *

ஒரு தகவல் மட்டும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் கோழி தேடிப் போகாதீர்கள். கத்தோலிக்கர்கள் அன்று இறைச்சி தொட மாட்டார்கள். நான் மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இருபது கிலோமீட்டர் போய்ப் பார்த்தேன், அடுப்பே பற்றவைக்கவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை நம்மூர் பிரியாணிக் கடை எப்படி இருக்கும், அப்படி. பக்கத்துக் கடையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் நன்றாகவே இருந்தது.

* * *

எல்லாருக்கும் நன்றி. அக்கா, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அந்தக் கரித்துண்டு என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். 2019 பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது கொடுத்தேன். தாத்தா வாங்கியதும் தட்டித்தான் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திண்ணை மாடத்தில் வைத்துக்கொண்டார்.

அந்த விடுமுறையில் நானும் ஒரு டிரம்மைப் பிளந்து அடுப்பு செய்தேன். ஒன்று யோசித்துப் பாருங்கள், ராமநாதபுரத்தில் மூட்டை மூட்டையாகக் கரி போடுகிறோம், எல்லாம் லாரியேறி வெளியூர் போகிறது. நாங்கள் அதில் ஒரு கோழி சுட்டுத் தின்றதில்லை. எனக்கு அது வருத்தமாகவே இருந்தது. ஆரஞ்சுக்குப் பதில் சாத்துக்குடியும் எலுமிச்சையும், பூண்டு, உப்பு. ஒரேகானோ கிடைக்கவில்லை, கற்பூரவல்லி இலை போட்டேன், வாசனை ஒத்துப்போகிறது. முதல் கோழி நாட்டுக்கோழி, ரப்பர் மாதிரி மெல்லவே முடியவில்லை. அடுத்த நாள் பிராய்லர், எலும்புப் பக்கம் கீழே, முக்கால் மணி நேரம், நகராமல் நின்றேன்.

தாத்தாவுக்குப் பல் அவ்வளவாக இல்லை. நெஞ்சுச் சதையைப் பிய்த்துக் கொடுத்தேன். மென்று முடித்துவிட்டு, விரலை முகர்ந்து பார்த்து, “நம்ம மூட்டத்துக் கரியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.