இன்டர்வியூ முடிந்து பதில் இல்லை, எப்போது கேட்கலாம்?

கேள்வி: கடைசி ரவுண்டு முடிந்து 8 நாள் ஆகிறது. "ஒரு வாரத்தில் சொல்கிறோம்" என்றார்கள். இப்போது மெயில் போட்டால் அவசரப்படுவதாக நினைப்பார்களா?

பதில் 1: நினைக்க மாட்டார்கள். சொன்ன கெடு தாண்டி 2 வேலை நாள் விட்டு எழுதுங்கள். கெடுவே சொல்லாவிட்டால் 7 முதல் 10 வேலை நாள். பழைய மெயிலுக்கே ரிப்ளை போடுங்கள். புது மெயில் என்றால் நீங்கள் யார், எந்தப் பதவி என்று ஹெச்ஆர் தேட வேண்டியிருக்கும். பதவி, இன்டர்வியூ தேதி, முடிவு எப்போது தெரியும் என்ற கேள்வி, அவ்வளவு போதும். "ஏன் தாமதம்?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

பதில் 2: தாமதம் என்றாலே நிராகரிப்பு இல்லை. சம்பள ஒப்புதல் மேலே தேங்கியிருக்கலாம், முதலில் தேர்வானவரின் பதிலுக்கும் காத்திருக்கலாம். வேறு ஆஃபர் கையில் இருந்தால் கெடு பார்க்காமல் இன்றே, அதன் கடைசித் தேதியோடு தெரிவியுங்கள்.

பதில் 3: இரண்டாவது மெயில் ஒரு வாரம் கழித்து. அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அதுவரை மற்ற இடங்களுக்கு விண்ணப்பிப்பதை தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.