1978 அம்பாசிடர்: டேப்பெட் சத்தம் அடங்க மறுக்கிறது

மார்க்3_சேலம்:
அப்பா விட்டுச்சென்ற கார். 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். நான்கு மாதத்தில் மூன்று முறை டேப்பெட் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி) சரிசெய்தாயிற்று. ஒரு வாரம் அமைதி, பிறகு மீண்டும் டக் டக். ஏற்காடு ஏறும்போது கார்புரேட்டர் வழியாகப் பட்பட்டென்று வெடிக்கிறது. பிளக், பாயின்ட், கண்டென்சர் எல்லாம் புதியவை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) நான்கு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா?

வால்வு_பிரியன்:
ராக்கர் நுனியைப் பாருங்கள். அங்கே குழி விழுந்திருந்தால் இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் பொய் சொல்லும்.

பழைய_பட்டறை:
தம்பி, இறக்குவதற்கு முன் அளந்து பாருங்கள். இடைவெளி பார்ப்பது, வால்வைத் திறக்கவைக்கும் கேமின் வட்டமான பகுதியில், தேய்வதோ புடைத்து நிற்கும் மூக்கு. அதனால் இடைவெளி சரியாக இருந்தும் கேம் செத்திருக்கலாம். இடைவெளி திரும்பத் திரும்பக் கூடினால் கேம் மேல் உட்காரும் டேப்பெட் என்ற உருளையின் அடிப்பரப்பும் கரைகிறது என்று சந்தேகப்படுங்கள். கம்ப்ரஷனை நம்பாதீர்கள். எக்ஸாஸ்ட் வால்வின் கேம் தேய்ந்தால் எரிந்த புகை வெளியேறாமல் தங்கி, பெட்ரோல் கலவை நுழையும் இன்லெட் வால்வு திறந்ததும் கார்புரேட்டர் பக்கம் பாய்கிறது. நீங்கள் கேட்கும் வெடிப்பு அதுவாகவே எனக்குத் தோன்றுகிறது.

பிளக்குகளைக் கழற்றி, ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றுங்கள். டயல் கேஜை (நகர்வை அளக்கும் கருவி) ராக்கரின் புஷ்ராடு (டேப்பெட்டின் அசைவை ராக்கருக்குக் கொண்டுசெல்லும் கம்பி) பக்கத்து ஸ்க்ரூ மேல் வைத்து, எட்டு வால்வுக்கும் அது எவ்வளவு உயர்கிறது என்று எழுதுங்கள். எக்ஸாஸ்ட்டுகளை எக்ஸாஸ்ட்டுகளோடும் இன்லெட்டுகளை இன்லெட்டுகளோடும் ஒப்பிடுங்கள்.

மார்க்3_சேலம்:
அளந்தேன் ஐயா. முன்னாலிருந்து ஐந்தாவது, அதாவது மூன்றாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட், மற்ற மூன்று எக்ஸாஸ்ட்டுகளைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைவு.

பழைய_பட்டறை:
அப்படியானால் அந்தக் கேம் தேய்ந்ததுதான். உறுதிசெய்ய எஞ்சினின் பக்கவாட்டு மூடியைத் திறந்து டேப்பெட்டை எடுத்துப் பாருங்கள். அதற்கு ராக்கர் ஷாப்டைக் கழற்ற வேண்டும். அதன் நட்டுகளில் நான்கு, சிலிண்டர் ஹெட்டையும் பிடிப்பவை. முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் வரிசைப்படி சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். அவசரப்பட்டால் ஹெட் வளைந்துவிடும்.

நல்ல டேப்பெட்டின் அடி மிக லேசாகப் புடைத்திருக்கும். ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அது குழிந்துவிட்டது. ஒரே திசையில் கோடு விழுந்திருந்தால் டேப்பெட் சுழலாமல் நின்று தேய்ந்திருக்கிறது.

கேம் மாற்றினால் எட்டு டேப்பெட்டையும் மாற்றுங்கள். பழையதைப் புதிய கேமோடு சேர்த்து வீணாக்கியவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். கேம் முழுக்க அசெம்பிளி பேஸ்ட் (பூட்டும்போது தடவும் மசகு) தடவுங்கள். இக்காலத்து மெல்லிய ஆயில் வேண்டாம். துத்தநாகம், பாஸ்பரஸ் சேர்மானம் கூடுதலான 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே அந்த ஆயிலை வடித்துவிடுங்கள்.