புரோகிரசிவ் கண்ணாடி: படிக்கத் தாடையைத் தூக்க வேண்டியிருக்கிறது. பழக்கம் போதாதா, லென்ஸ் தப்பா?

தறிமேடு:
மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் கோடில்லாமல் பவர் மாறும் கண்ணாடி இது. பவர் வலது -1.50, இடது -1.75, இரண்டுக்கும் ஆட் (படிக்கக் கூட்டும் பவர்) +2.00. தூரம் பளிச்சென்று தெரிகிறது. பேப்பர் படிக்க மட்டும் தாடையைத் தூக்கினால்தான் எழுத்து தெளிகிறது. ஓரக்கண்ணால் பார்த்தால் கதவு நிலை வளைந்து ஆடுகிறது. மெட்டல் ஃபிரேம், மூக்குப் பேட் உண்டு. 2 வாரத்தில் பழகிவிடும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

லென்ஸ்மேசை:
இரண்டும் வேறு வேறு குறை. ஓரத்தில் வளைவது எல்லாப் புரோகிரசிவிலும் உண்டு. ஆட் ஏற ஏற அதுவும் ஏறும். கண்ணை மட்டும் உருட்டாமல் தலையையும் திருப்பிப் பாருங்கள், 2 வாரத்தில் பழகும். தாடையைத் தூக்குவது அப்படிப் பழகக் கூடாது, கழுத்துவலிதான் மிஞ்சும். பேப்பரை 40 செ.மீ. தள்ளிப் பிடித்து, தலையை நேராக வைத்து, ஃபிரேமைக் கையால் 2, 3 மி.மீ. மேலே தூக்குங்கள். எழுத்து தெளிந்தால் லென்ஸ் தாழ உட்கார்ந்திருக்கிறது. தெளியாமல், பேப்பரைத் தள்ளிப் பிடித்தால்தான் தெரிகிறது என்றால் ஆட் குறைவு.

அச்சுக்கோடு:
குறுக்குவாட்டையும் பார்த்துவிடுங்கள். லென்ஸில் ஊதி ஆவி படிய வைத்து டியூப்லைட்டுக்கு எதிரே சாய்த்தால், 34 மி.மீ. இடைவெளியில் நூலளவு நுணுக்கமாக 2 செதுக்கல் தெரியும். காதுப் பக்கத்துச் செதுக்கலுக்குக் கீழே ஆட் எண் இருக்கும், உங்களுக்கு 20 என்றோ 2.00 என்றோ. இரண்டுக்கும் நடுவில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உங்கள் உயரத்துக்குச் சமமாக எதிரே ஒருவரை உட்கார வையுங்கள். உங்கள் வலது கண்ணைச் சோதிக்கும்போது அவர் இடது கண்ணை மட்டும் திறந்திருக்க வேண்டும், நீங்கள் அந்தக் கண்ணையே பார்க்க வேண்டும். புள்ளி உங்கள் கண்மணிக்கு நேர் கீழே நிற்க வேண்டும். 2 மி.மீ. விலகினாலே படிக்கும் பாதை குறுகிவிடும். இரண்டு கண்ணுக்கும் பி.டி.யை (மூக்கு நடுவிலிருந்து கண்மணி வரை உள்ள தூரம்) தனித்தனியாக எடுக்காமல் மொத்த அளவைப் பாதியாக்கிப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

தறிமேடு:
ஃபிரேமைத் தூக்கியதும் தெளிவாகிவிட்டது. புள்ளியும் நேர் கீழேதான் நிற்கிறது.

லென்ஸ்மேசை:
அப்படியானால் உயரம்தான். மூக்குப் பேட் இரண்டையும் நெருக்கச் சொல்லுங்கள், ஃபிரேம் 1, 2 மி.மீ. ஏறும். கூடவே கீழ்விளிம்பு கன்னத்தில் படாத அளவுக்கு உள்ளே சாய்க்கட்டும், படிக்கும் பகுதி அகலமாகும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் லென்ஸை மாற்றித்தான் தர வேண்டும். அளவெடுத்தவர் தவறு அது, தயங்காமல் கேளுங்கள். மறுபடி அளவெடுக்கும்போது ஃபிரேமை முகத்துக்குச் சரிசெய்த பிறகே டெமோ லென்ஸில் (ஃபிரேமோடு வரும் பவரில்லாத லென்ஸ்) கண்மணிக்குப் புள்ளி வைக்க வேண்டும். பலர் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய கோளாறு வேண்டாம்.

நிழற்படி:
நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் என்றால் இதைச் சரிசெய்த பிறகும் திரைக்குத் தாடை தூக்கத்தான் வேண்டும், திரை தூரத்துக்கான இடைப் பகுதி கீழேதான் இருக்கிறது. மானிட்டரை இறக்குங்கள், அல்லது 60, 70 செ.மீ.க்கு ஆட்டில் பாதியைச் சேர்த்துத் தனிக் கண்ணாடி: வலது -0.50, இடது -0.75. அந்தத் தனிக் கண்ணாடியோடு வண்டி ஓட்டக் கூடாது. புரோகிரசிவோடு படி இறங்கும்போது தலையைக் குனிந்து மேல்பகுதி வழியே பாருங்கள்.

அச்சுக்கோடு:
ஒன்று மட்டும். ஒரு கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது போலவோ, திரை விழுவது போலவோ தெரிந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். அன்றே கண் டாக்டரிடம் போய் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும்.