மறு: வெப் ஹோஸ்டிங்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ‘குடியமர்த்தல்’ பற்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இழையை முழுக்கப் படித்தேன். வெப் ஹோஸ்டிங் என்பது நம் இணையத்தளத்தின் கோப்புகளை, எப்போதும் இணையத்தோடு இணைந்திருக்கும் இன்னொருவர் கணினியில் கட்டணம் கட்டி வைப்பது. சிறுதொழில் செய்பவர்களுக்கான கையேட்டுக்குத்தான் இது பற்றிய சொற்கள் தேவை என்று முதல் மடலிலேயே இருக்கிறது. கரூரில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்கிற ஒருவர் தன் கம்பெனிக்கு இணையத்தளம் போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாம் தரும் சொல்லை வைத்து அவரால் விலைப்பட்டியலைப் புரிந்துகொள்ள முடிய வேண்டும். எனக்கு அதுதான் அளவுகோல்.

> ‘வலை விருந்தோம்பல்’ நல்ல தமிழ். ஏற்கெனவே சிலர் புழங்குகிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமே.

நல்ல தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் விருந்தினர் யாரும் கட்டணம் கட்டுவதில்லை. இங்கே ஆண்டுக் கட்டணம் நின்றால் தளம் நிறுத்தப்படும், கொஞ்ச காலம் கழித்துக் கோப்புகளும் அழிக்கப்படும். ‘புரவல்’ என்பதிலும் இதே சிக்கல்: புரவலர் கொடுப்பவர், பெறுபவர் அவருக்குப் பணம் தருவதில்லை. ‘வலையேற்றம்’ என்பதைக் கோப்பு ஏற்றுவதற்கு நாமே பழக்கிவிட்டோம், அதை இனி இங்கே இழுக்க வேண்டாம்.

என் பரிந்துரை ‘குடியமர்த்தல்’. வினையாக நன்றாக நடக்கிறது: தளத்தைக் குடியமர்த்து, குடியமர்த்துநர், குடியமர்த்தக் கட்டணம். “உங்கள் தளத்தை எங்கே குடியமர்த்தியிருக்கிறீர்கள்?” என்று கேட்டால் யாருக்கும் புரியும். தளத்தை ஒரு வழங்கியிலிருந்து, அதாவது தளங்களை வைத்திருக்கும் சர்வர் கணினியிலிருந்து, இன்னொன்றுக்குக் கொண்டுபோவதை நான் ‘இடம்பெயர்ப்பு’ என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல் போரின் நினைவைக் கிளறுகிறது என்று யாழ்ப்பாணத்து அக்கா எழுதியது சரி. ‘குடிமாற்றம்’ என்று வைத்துக்கொள்வோம்.

> ஷேர்டு ஹோஸ்டிங் = பகிர்வுக் குடியமர்த்தல். இதில் என்ன குறை?

எதைப் பகிர்கிறோம், யாரோடு பகிர்கிறோம் என்பது தெரியவில்லை. ஒரே கணினியில், பெரும்பாலும் ஒரே ஐபி முகவரியில் (இணையத்தில் ஒரு கணினியைக் குறிக்கும் எண்), நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். உலாவி ஒவ்வொரு கோரிக்கையோடும் தளத்தின் பெயரையும் சேர்த்து அனுப்புவதால் வழங்கி பிரித்தறிகிறது. உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபியின் 1997இல் வந்த 1.1 பதிப்பு இதைக் கட்டாயமாக்கிய பிறகுதான் இந்த மலிவான ஏற்பாடு பரவலாக வழி பிறந்தது. அதே கணினியில் யாரோ ஒருவருடைய தளத்தில் கூட்டம் குவிந்தால் நம் தளம் மெதுவாகும். அதைவிட மோசமானது மின்னஞ்சல். அங்கே ஒரு தளம் எரிதம் (ஸ்பேம்) அனுப்பி அந்த ஐபி தடைப்பட்டியலில் ஏறிவிட்டால், கரூர்க்காரர் ஜெர்மனிக்கு அனுப்பிய விலைப்புள்ளி வாங்குபவரின் எரிதப் பெட்டியில் கிடக்கும். அவருக்குக் காரணமே தெரியாது.

இதற்கு நம்மிடம் ஒரு சொல் தயாராக இருக்கிறது: ஒண்டுக்குடித்தனம். அதிலிருந்து ‘ஒண்டுக்குடி அமர்வு’. முன்பின் தெரியாதவர்கள் ஒரே கூரையின்கீழ் குழாயையும் முற்றத்தையும் பங்குபோடுவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘கூட்டுக்குடி’ வேண்டாம் என்கிறேன், அது உறவுக்காரர்கள் சேர்ந்து வாழ்வதைச் சொல்கிறது. ஒண்டுக்குடி இழிவாகத் தொனிக்கிறது, விற்பவர் யாரும் அச்சிட மாட்டார் என்று பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, கையேடு வாங்குபவருக்கானது. அதோடு ஐந்தாறு பக்கமுள்ள ஒரு கடைத்தளத்துக்கு ஒண்டுக்குடியே போதும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுவோம்.

முழுக் கணினியையும் ஒருவரே எடுப்பது ‘தனிக்குடி’. தனிக்குடித்தனம் எல்லோரும் அறிந்ததே. இடையில் உள்ள விபிஎஸ்ஸுக்கு (வர்ச்சுவல் பிரைவேட் சர்வர்) ‘பிரிகுடி’ என்று முன்வைக்கிறேன். கணினி ஒன்றுதான், ஆனால் நினைவகமும் வட்டு இடமும் பிரித்து ஒதுக்கப்பட்டவை. ‘மெய்நிகர் தனி வழங்கி’ தொழில்நுட்பர்களுக்குச் சரி, ஆனால் ‘தனி’ என்ற சொல் வாங்குபவரை ஏமாற்றிவிடும். பராமரிப்பு சேராத பிரிகுடியில் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் (அப்டேட்) நம் தலையில்தான். ஆள் இல்லாத கம்பெனி அதை வாங்கக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

> பேண்ட்விட்த் = அலைவரிசை

வேண்டாம். அலைவரிசை என்றால் மக்களுக்கு டிவி சேனல். ஹோஸ்டிங் விற்பவர்கள் பேண்ட்விட்த் என்று போடுவதே பல நேரம் வேகத்தை அல்ல, மாதத்தில் போய்வரும் தரவின் மொத்த அளவைத்தான். ‘மாதப் போக்குவரத்து’ போதும். ஒரு பக்கம் 2 எம்பி, நாளுக்கு 500 பேர், ஆளுக்கு மூன்று பக்கம் என்றால் நாளுக்கு 3 ஜிபி, மாதத்துக்கு 90 ஜிபி. இந்தக் கணக்கைக் கையேட்டில் அப்படியே கொடுக்கலாம்.

அப்டைமுக்கு ‘இயங்குநேரம்’ சரி, எதிர்ச்சொல் ‘முடக்கநேரம்’. ஆனால் 99.9 விழுக்காடு என்று மட்டும் எழுதிவிட்டுப் போகக் கூடாது. 30 நாள் மாதத்தில் அது ஏறத்தாழ 43 நிமிட முடக்கம், ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம். 99.99 என்றால் மாதத்துக்கு நாலு நிமிடம் சொச்சம். அந்த உறுதியை மீறினால் கட்டணத்தில் எவ்வளவு கழிப்பார்கள் என்று ஒப்பந்தத்தில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

வழங்கி எங்கே இருக்கிறது என்பதற்குத் தனிச்சொல் தேடுகிற உழைப்பு தேவையில்லை, ‘வழங்கியின் இடம்’ போதும். வாடிக்கையாளர் உள்ளூர் என்றால் மும்பை, ஐரோப்பா என்றால் ஐரோப்பாவிலேயே வைப்பது நல்லது.

> டொமைனையும் ஹோஸ்டிங்கையும் ஒரே பதிவாக வைத்தால் பக்கம் குறையும்.

இதற்கு மட்டும் நான் கடுமையாக மறுப்புச் சொல்கிறேன். டொமைன் என்பது தளப்பெயர், உலாவியில் தட்டுகிற முகவரி; ஹோஸ்டிங் என்பது கோப்புகள் இருக்கும் இடம். இரண்டும் ஒன்று என்று நம்புவதால்தான், தளம் வடிவமைத்தவர் தன் பெயரிலேயே தளப்பெயரைப் பதிந்துகொள்ளும்போது உரிமையாளர் கவனிக்காமல் விடுகிறார். குடியமர்த்துநரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தளப்பெயர் கையில் இல்லாவிட்டால் அச்சடித்த அட்டை, பெயர்ப்பலகை, மின்னஞ்சல் முகவரி எல்லாம் இன்னொருவர் தயவில் நிற்கும். ‘தளப்பெயர்ப் பதிவு’, ‘குடியமர்த்தல்’ இரண்டும் தனித்தனிப் பக்கங்களில் வரட்டும். இரண்டுமே சொந்தப் பெயரில், சொந்த மின்னஞ்சலில் இருக்க வேண்டும் என்ற வரி இரண்டிலும் இருக்கட்டும்.

‘ஆள்களப் பெயர்’, ‘தளப்பெயர்’ என்ற இரண்டில் எது என்பதை அடுத்த மடலில் முடிப்போம். அதற்கு முன் ஒன்று: ஒண்டுக்குடித்தனம் என்ற சொல் இலங்கையிலும் மலேசியாவிலும் பேச்சில் இருக்கிறதா? இல்லையென்றால் அங்கே இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். அதையும் பார்த்துவிட்டுத்தான் பட்டியலில் சேர்க்க நினைக்கிறேன்.