எச்4 பல்பு: 100/90 வாட் போடலாமா, எல்.இ.டி.க்கு மாறலாமா?

நெடுவழி:
வணக்கம். என்னுடைய பழைய காரின் முகப்பு விளக்குகளில் 60/55 வாட் (ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55) எச்4 ஹாலோஜன் பல்புகள் உள்ளன. லோ பீமில் (எதிரே வண்டி வரும்போது போடும் தாழ்ந்த வெளிச்சத்தில்) சாலையோரக் கோடுகூடத் தெளிவாகத் தெரிவதில்லை; மழை பெய்தால் நிலைமை இன்னும் மோசம். கடைக்காரர் 100/90 வாட் பல்பையும், நண்பர் ஒருவர் 6000 கெல்வின் எல்.இ.டி.யையும் பரிந்துரைக்கிறார்கள். எதிரே வருபவரின் கண் கூசாமல் எனக்குப் பாதை தெரிய வேண்டும். எதை வாங்கலாம்?

செம்புக்கம்பி:
இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கை எரியவிட்டு, பேட்டரியின் முனைகளிலும் பல்பு ஹோல்டரின் பின்புறத்திலும் மல்டிமீட்டரை வைத்து வோல்ட் அளவைப் பாருங்கள். ஹாலோஜன் பல்பில் வோல்ட் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும் என்பதால், துருவேறிய எர்த் இணைப்பும் தேய்ந்த சுவிட்சுமே பல பழைய வண்டிகளில் விளக்கை மங்கச் செய்கின்றன.

100/90 வாட் பல்பு வேண்டவே வேண்டாம். ஒரு பல்பே 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 5 ஆம்பியர் அளவுக்குப் போட்ட வயரிங் அதைத் தாங்காது. ஹோல்டரைக் கழற்றிப் பார்த்தால் பிளாஸ்டிக் பழுப்பேறி, முனையைச் சுற்றி உருகியிருக்கும். சூட்டில் ரிஃப்ளெக்டரின் பூச்சும் கருத்துவிட்டால் மொத்த விளக்கையும் மாற்ற வேண்டி வரும்.

குவியம்:
எல்.இ.டி. குறித்துச் சொல்கிறேன். எச்4 பல்பினுள் இரண்டு இழைகள் உண்டு. லோ பீம் இழை, ரிஃப்ளெக்டரின் (ஒளியை முன்னே திருப்பும் உட்புறக் கண்ணாடியின்) குவியப் புள்ளிக்குச் சற்று முன்னே இருக்கும். அதன் அடியில் உள்ள சிறு உலோகக் கிண்ணம், ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் தடுக்கிறது. வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோடு கிழித்தாற்போல் நிற்பது இந்த அமைப்பினால்தான். இழை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அந்தக் கோடு கலைந்துவிடும். மாற்று எல்.இ.டி.களில் இழைக்குப் பதிலாகத் தட்டையான சில்லுகள் இருபுறமும் ஒட்டப்பட்டிருப்பதால், ஒளி கோட்டுக்கு மேலே சிதறி எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது. ஓட்டுபவருக்கோ காருக்கு முன்னால் சில மீட்டர் தூரம் பளிச்சென்று தெரிவதால் விளக்கு பிரமாதம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பளிச்சுக்குக் கண் பழகிவிடுவதால் தொலைவில் இருப்பது முன்பைவிட மங்கும்.

கெல்வின் என்பது நிறத்தின் அளவு, வெளிச்சத்தின் அளவன்று. நீலப் பூச்சுள்ள ஹாலோஜன் பல்பு, தன் ஒளியில் ஒரு பகுதியை அந்தப் பூச்சிலேயே இழக்கிறது.

ஈரச்சாலை:
எல்.இ.டி.யை ஒரேயடியாக ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்த விளக்கு ஹாலோஜனைவிட நன்றாகவே இருக்கும். ஹாலோஜன் விளக்குக்குள் அதைத் திணிப்பதுதான் தவறு.

மழையைப் பொறுத்தவரை, நனைந்த சாலை கண்ணாடியைப் போல ஒளியை முன்னோக்கித் தள்ளிவிடுகிறது. நம் கண்ணுக்குத் திரும்புவது கொஞ்சமே. எந்தப் பல்பும் இதை முழுமையாகச் சரிசெய்யாது, வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில், கண்டதை உணர்ந்து பிரேக்கை மிதிப்பதற்குள் கார் 30 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். காய்ந்த சாலையில்கூட நிற்க இன்னொரு 35 மீட்டர் தேவைப்படும். சாதாரண லோ பீமில் அத்தனை தூரம் தெளிவாகத் தெரிவது அரிது.

விளக்கின் முன்மூடி மஞ்சளித்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீர்த்தாளால் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால்) தேய்த்து மெருகேற்றலாம். புற ஊதாக் காப்புப் பூச்சு இடாவிட்டால் மஞ்சள் விரைவில் திரும்பிவிடும்.

நெடுவழி:
அனைவருக்கும் நன்றி. பேட்டரியில் 13.8 வோல்ட், ஹோல்டரில் 11.6 வோல்ட்! எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ரிலே (பேட்டரியிலிருந்தே விளக்குக்கு மின்சாரம் விடும் சிறு மின்சுவிட்ச்) பொருத்திய பிறகு 13.3 காட்டுகிறது, வெளிச்சம் கண்கூடாகக் கூடியிருக்கிறது. பல்புகள் பழையவை என்பதால் அதே 60/55 வாட்டில் புதியவை போடப்போகிறேன். கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

செம்புக்கம்பி:
இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. தொட்ட இடத்தின் எண்ணெய்ப் பசை சூட்டில் கருகிப் பல்பின் ஆயுளைக் குறைக்கும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடையுங்கள். அடித்தட்டின் மூன்று காதுகளும் பள்ளங்களில் சரியாக அமர்ந்த பிறகே கம்பிக் கிளிப்பை மாட்டுங்கள். பின்புற ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள், இல்லையேல் ஈரம் உள்ளே புகும்.

பிறகு சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். டயர்களில் சரியான காற்றும், ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆளும், ஓட்டுநர் பக்கத்தில் உள்ள, விளக்கின் உயரத்தை மாற்றும் குமிழ் 0 நிலையிலும் இருக்கட்டும். லோ பீமின் மேல்விளிம்பில் கிடையாகத் தெரியும் பகுதி, விளக்கின் நடு உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விளக்கின் மேல் 1.2% என்பது போல ஓர் அளவு பொறித்திருந்தால், அதையே பின்பற்றி 12 சென்டிமீட்டர் வையுங்கள்.